ஏழாவது கன்னிக்குக் கண் வைத்தது

அன்பு மகள் துர்காதேவிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, அம்மாவின் முட்டிவலி எல்லாரும் நலம். ஆஸ்திரேலியாவில் நீயும், உன்னைக் கூப்பிட்டு வைத்திருக்கும் அந்த ஊர் ஆதிகுடி ஓவியக்கார அம்மாக்களும் நலமாக இருக்கக் கன்னியம்மன் துணை. போனில் பேசினால் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால் எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை, நானேதான் எழுதுகிறேன். சாயந்தர வகுப்பு டீச்சர் பிரின்சி என் எழுத்து இப்போது நேராக நிற்கிறது என்றார். போன வாரம் கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் மெஷினுக்கு அடியில் சாரைப்பாம்பு புகுந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். பிடித்துக்கொண்டு வெளியே வந்தால் கேட்டில் செக்யூரிட்டி பழக்கத்தில் கைநாட்டு வைக்க மை டப்பாவை நீட்டினான். பேனா கொடுப்பா என்றேன். முழுப்பெயர் எழுதி முடிக்கும்வரை பின்னால் லாரிகள் நின்றன. பாம்பும் பொறுமையாகத்தான் இருந்தது.

இப்போது நம் இருளர் காலனி சமுதாயக் கூடத்துச் சுவரில் நீ வரைந்துவிட்டுப் போன படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரி, புற்று, வரப்பில் எலிவளை, பின்னால் கம்பெனிப் புகைக்கூண்டு, முன்னால் ஏழு கன்னிமார். விசா வந்த அவசரத்தில் ஏழாவது கன்னிக்குக் கண் வைக்காமலே விமானம் ஏறிவிட்டாய். நீ போனதும் யாரோ மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், அப்புறம் விளக்கு, அப்புறம் கற்பூரம். பெயிண்ட் வாங்கிக் கொடுத்த அதிகாரி போட்டோ எடுக்க வந்தபோது ஷூவைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள், சாக்ஸோடு நின்று சிரித்தார். அதுவரை நல்லபடிதான் போனது. பிறகு பக்கத்து வீட்டு லோகுவின் ஆடு செத்தது. அது கிழட்டு ஆடு என்று காலனிக்கே தெரியும். ஆனாலும் அவன், கண்ணில்லாத சாமிய எதிர்ல வெச்சிக்கினு ஊரு எப்பிடி உருப்படும், சுண்ணாம்பு அடிச்சி மூடுங்கடா என்று கத்தி, சுண்ணாம்பும் கரைத்துக்கொண்டு வந்துவிட்டான். காலனிப் பெண்களை எல்லாம் கூட நிறுத்தி வெயிலில் நீ வரைந்த படம் போய்விடுமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வேறு யாரையாவது கூப்பிட்டுக் கண் வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆஸ்திரேலியா அம்மாக்கள் அடுத்தவர் பூமியின் கதையை அனுமதி கேட்காமல் வரையத் தொட மாட்டார்கள் என்று நீ சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். நம்மிலும் அப்படித்தானே, கன்னியம்மனையே கேட்டுவிடலாம் என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை கங்கம்மா அத்தைக்குச் சாமி வந்தது. முதலில் ஒரு கோலி சோடா கேட்டது. லோகு கைகட்டி, தாயே மூடிடலாமா என்றான். மூடுறதுன்னா உன் வாய மூடு, ஆரம்பிச்ச ஊட்டுக்காரங்களே முடிக்கட்டும் என்று வாக்கு வந்தது. மகள் வரும்வரை பொறுக்கலாமா என்று நான் கேட்டேன். அதுவரிக்கும் நான் குருடா நிக்கணுமாடா என்று என்னைத் திட்டியது. என்னைத் திட்ட உன் அத்தைக்குச் சாமி வர வேண்டியதில்லை, ஆனாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அம்மாவைப் பார்த்தேன். நீதான தெனம் சாயந்தரம் போய் எழுத்து சுழிச்சிக்கினு வர்ற, நீயே போடு என்று சொல்லிவிட்டாள்.

தலைக்குக் குளித்து ஈர வேட்டியோடு உன் சின்ன பிரஷ்ஷை எடுத்தேன். எழுத்து எழுதுகிற மாதிரியே மெதுவாக இழுத்தேன். இடது கண் சரியாக வந்தது. வலது கண் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, அதுவும் ஓரமாகப் புகைக்கூண்டுப் பக்கம் பார்க்கிறது. எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் லோகுதான் கிட்டப் போய்ப் பார்த்து, ஆத்தா யாரையோ மொறைக்குது, ஆனா நம்பள இல்ல என்றான். உடனே கற்பூரம் ஏற்றினார்கள். கரைத்த சுண்ணாம்பை வீணாக்காமல் அவன் வீட்டுக்கே அடித்துக்கொண்டான்.

கோபப்படாதே அம்மா. வந்து திருத்திக்கொள்ளலாம் என்றும் நினைக்காதே, படையல் போட்டாகிவிட்டது. இனி பிரஷ் வைக்க அத்தையிடம்தான் மறுபடி கேட்க வேண்டும், உனக்குத் தைரியம் இருந்தால் கேள். மாசி மகத்துக்கு எல்லாரும் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகிறோம், அதற்குள் வரப் பார். வெயிலுக்குத் தலையில் துணி கட்டு, வேளைக்குச் சாப்பிடு. கன்னிமார் ஏழு பேரும் உன் கைக்குக் காவல் இருக்கட்டும். போனில் அனுப்பியிருக்கும் படத்தை அந்த அம்மாக்களிடம் காட்டு. அந்தப் பெரிய கண்ணை யார் வைத்தது என்று கேட்டால் மறைக்காதே, என் அப்பா என்று சொல்.

இப்படிக்கு,
ஏழாவது கன்னிக்குக் கண் வைத்த
உன் அப்பா மணவாளன்