வாங்கோ என்று சொல்லும் திரை

மச்சாள்,

இன்றைக்கும் உன் கம்பியூட்டரைப் போட்டேன். உள்ளே விசிறி இருமிக்கொண்டு சுற்றத் தொடங்கியது, சூடேறிய தூசி மணத்தது. நீலத் திரையில் நீ வைத்த எழுத்து வந்தது: "வாங்கோ." இந்த வீட்டில் என்னை அப்படிக் கூப்பிட இப்போது அது ஒன்றுதான் மிச்சம். நீ போன பிறகு தம்பி பியர்பொன்ட்சுக்கு வீடு மாறினான். உன் புருஷன் அல்லவா, இந்தப் பெட்டியைப் பார்க்கவே தாங்காது என்று விட்டுவிட்டுப் போனான். எனக்கு மட்டும் தாங்குமா?

அந்த ஒரு சொல்லுக்காக நீ பட்ட பாடு! மொன்றியலில் இந்த நோத்ர-டாம்-த-கிரேஸ் அப்பார்ட்மென்டில் மூவரும் ஒன்றாக இருந்த காலம். பெட்டிக்குப் பிரெஞ்சு மட்டும்தான் தெரியும். "ஒவ்வொரு நாளும் பியென்வெனு, பியென்வெனு எண்டு வரவேற்குது. சொந்த வீட்டுக்குள்ளயும் நாங்கள் விருந்தாளியளோ மச்சாள்?" என்று சிரித்தாய். இணையத்தில் யாரோ எழுதியதைப் படித்து, தொடக்கத் திரைக்கான கோப்பைத் திறந்து, பிரெஞ்சை எடுத்துவிட்டுத் தமிழை வைத்தாய். திரும்பப் போட்டால் கறுப்புத் திரை. எத்தனை தரம் போட்டாலும் அதே கறுப்பு.

உள்ளே என் அம்மாவின் குரல் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்து மன்னாருக்கு அழைப்போம். உன் மாமி கதைப்பதை நீ மைக்கைப் பிடித்துப் பதிவு செய்வாய். அம்மா செத்தபின் எங்களுக்கு மிஞ்சியது அதுதான். கம்பியூட்டர் கடைக்காரரைக் கேட்டால், "எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத்தான் புதுசாப் போடவேணும்" என்றார். நீ குசினியில், அடுப்பருகில் நின்று அழுதாய். "மாமியை நான் ரெண்டாந்தரம் சாக்காட்டிப்போட்டன்" என்றாய்.

லொங்குய்யில் உன்னோடு வேலை செய்த ஒருத்தியிடம் எங்கள் பெட்டியை இயக்கும் மென்பொருளின் அதே பிரெஞ்சுப் பதிப்புச் சீடி இருந்தது. மெத்ரோ ரயிலில் போய் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். அதை உள்ளே விட்டதும் பிரெஞ்சில் கேள்வி மேல் கேள்வி. ஒரு விடை திருத்தும், இன்னொன்று எல்லாவற்றையும் துடைத்துவிடும். "ஆறுதலா, ஒவ்வொரு சொல்லா வாசியுங்கோ மச்சாள், பிழைச்சுதெண்டால் அவ்வளவுதான்." நான் அகராதியைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, நீ ஒற்றை விரலால் தட்டினாய். பழைய கோப்பு தன் இடத்துக்குப் போனது. பியென்வெனு! அந்தச் சொல்லைக் கண்டு மொன்றியலில் எங்களைப்போல் யாரும் கூத்தாடியிருக்க மாட்டார்கள். அடுத்த கிழமையே, பதிவுகளை வேறு சீடியில் எடுத்து வைத்துவிட்டு, மறுபடி கை வைத்தாய். அடங்காதவள். அந்தத் தரம் சரிவந்தது.

உன் நோய்க்கும் எங்கேயாவது ஒரு சீடி கிடைக்கும் என்றுதான் ஆசுபத்திரியில் கடைசிவரை நம்பினேன். கிடைக்கவில்லை. செபமும் உதவவில்லை. சுவாமியாரிடம் சொன்னால் கோவிப்பார், உன்னிடம் சொல்கிறேன். எனக்கு இனி எதிலும் பிடிப்பு இல்லை.

உன் குரலைத் தேடினேன். இருக்காது என்றே நினைத்தேன். பதிவு கெட்டுவிடும் என்று மூச்சையும் அடக்கிக்கொண்டு மைக்கைப் பிடிப்பாயே. ஆனால் பொத்தானை அழுத்தியதும் நீ சொல்வது ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் விழுந்திருக்கிறது: "கதையுங்கோ மாமி."

அம்மாவுக்காக நாங்கள் காப்பாற்றிய பதிவுகள். இப்போது உன் இரண்டு சொல்லைக் கேட்டதும், அம்மா வாய் திறக்கும் முன்பே நிறுத்திவிடுகிறேன். பிறகு அடுத்ததைப் போடுகிறேன்.