பதினாறில் ஒன்று

1986 ஜனவரி 12
மதராஸிலிருந்து அம்மாவின் கடிதம். அங்கே ஆஸ்பத்திரியில் இருக்கும் என் பரமண்ணைக்குப் புதுச் சிறுநீரகம் வைத்தே ஆகவேண்டுமாம். ஆனால் அவருடைய இழைய வகை, அதாவது திசு வகை, மிக அரிய சேர்க்கை. வெளியாரிடம் தேடிக் கிடைக்காது. பல தரம் இரத்தம் ஏற்றியதால் பாதிப் பொருத்தத்தை அவர் உடம்பு ஏற்கவும் மாட்டாது. மார்கழியில் நாங்களும் போய்ப் பொருத்தம் பார்க்க இரத்தம் கொடுத்தோம். ஐயா பாதி, அம்மா பாதி, நானும் பாதி. வேறு சகோதரம் இல்லை.

நான் ஏன் முழுசாய்ப் பொருந்தேல்லை? விலங்கியலிலை எண்பத்தாறு மாக்ஸ் எடுத்து என்ன பிரயோசனம்?

ஜனவரி 14
பொங்கல். பால் நன்றாகத்தான் பொங்கியது. ஐயா பொங்கலைத் தொடவேயில்லை.

ஜனவரி 19
கண்டுபிடித்துவிட்டேன்!

ஒவ்வொருவரிடமும் இழைய வகையைத் தீர்மானிக்கும் பரம்பரை அலகுகள், மரபணுக்கள், இரண்டு கட்டு: தகப்பன் தந்தது ஒன்று, தாய் தந்தது ஒன்று. அண்ணைக்கு ஐயா கொடுத்த கட்டு, ஐயாவின் தங்கச்சியிடமும் இருக்கலாம். அம்மா கொடுத்தது, அம்மாவின் அண்ணையிடமும் இருக்கலாம். அந்தத் தங்கச்சியும் அந்த அண்ணையும் கலியாணம் கட்டினால்? கட்டித்தானே இருக்கிறார்கள் — நல்லூர் மாமியும் மாமாவும்! மாற்றுச் சம்பந்தம், ஒரே பந்தலில் இரண்டு தாலி. அவர்களின் பிள்ளை ஒவ்வொன்றும் அண்ணைக்கு முழுதாகப் பொருந்தப் பதினாறில் ஒரு வாய்ப்பு: ஒவ்வொரு பக்கமும் நாலில் ஒன்று. மச்சான்மார் நாலு பேர்! வைத்தியர் கூடப்பிறந்தவர்களைத்தான் கேட்டார். நாங்களும் அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்தோம்.

ஐயாவிடம் ஓடினேன்.

"கேக்கமாட்டன். பொம்பிளை குடுத்துப் பொம்பிளை எடுத்த இடம். நான் கேட்டா மச்சானாலை இல்லையெண்டு சொல்ல ஏலாது. அதாலைதான் கேக்கமாட்டன்."

ஜனவரி 20
நானும் கேட்கவில்லை. விளக்கினேன், அவ்வளவுதான். கோப்பாயிலிருந்து நல்லூருக்குச் சைக்கிளில் போய், மாமியின் சுளகிலிருந்த பயறையும் உழுந்தையும் கட்டுக் கட்டாகப் பிரித்துக் காட்டினேன். பாதியிலேயே மாமிக்கு விளங்கிவிட்டது.

"இவ்வளவு நாளும் உன்ரை கொப்பற்றை வாயிலை கொழுக்கட்டையோ? டேய், நாலு பேரும் வெளிக்கிடுங்கோ!"

மூன்றாவது, தேவராசா மச்சான், கட்டிலில் படுத்தபடியே சொன்னார்: "என்ரை கிட்னியைக் குடுத்தா உன்ரை அண்ணையும் ஒன்பது மணிக்குத்தான் எழும்புவார். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

பின்னேரம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். "என்ன மச்சான், என்ரை தங்கச்சி பெத்த பிள்ளைக்கு என்னட்டைக் கேக்க உமக்கு வெக்கமோ?"

ஐயா துவாயால் முகம் துடைத்தார். வியர்வையாம். தை மாதத்தில்!

பெப்ரவரி 23
மச்சான்மார் மதராஸ் போய்ச் சேர்ந்து, இன்று முடிவு வந்தது. முதல் இருவரும் பொருந்தவில்லை. கடைக்குட்டி பாதி. தேவராசா மச்சான் — முழுப் பொருத்தம்! முழு! முழு! வைத்தியர் நம்பாமல் இன்னொரு தரம் சோதித்தாராம். "உண்மையிலேயே கூடப்பிறந்தவன் இல்லையா?" என்று கேட்டாராம். அம்மா கடதாசியில் இரண்டு கலியாணத்தையும் கீறிக் காட்டினாவாம்.

மார்ச் 18
இன்று சத்திரசிகிச்சை. ரியூசனில் ஒன்றும் ஏறவில்லை. இரண்டு பேரும் எழும்ப வேணும். இரண்டு பேரும்.

மார்ச் 19
தந்தி கொண்டுவரும் தம்பிஐயா படலையில் நின்று தலையைச் சொறிந்தார். "பிள்ளை, இருவரும் சுகமாம். மற்றது... சிறுநீர் நல்லாப் போகுதாம். இதையும் தந்தியிலை அடிப்பினமே?"

புதுச் சிறுநீரகம் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம் என்றேன். ஐயா ஒழுங்கைக்கே ஓடிப்போய்க் கத்தினார்: "பெய்யிறான்! என்ரை பிள்ளை பெய்யிறான்!" இனி அந்த ஒழுங்கையால் எப்படிப் பள்ளிக்கூடம் போவேன்?

ஏப்ரல் 9
அண்ணையின் கையெழுத்திலேயே கடிதம். சிறுநீர் போகாததால் எட்டு மாதமாக மிடறு மிடறாக அளந்து குடித்தவர் எழுதியிருக்கிறார்: "இண்டைக்கு ஒரு செம்பு தண்ணி முழுக்கக் குடிச்சன். நேர்ஸ் பார்த்துக்கொண்டு நிண்டவ, ஒண்டும் சொல்லேல்லை. தேவராசா இன்னும் நித்திரை."