சிவப்புப் போர்வை வேண்டாம்

அம்மாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? மாடுகள் சுகமா? நான் நலம்.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். நேற்று காட்டு யானைகளைக் காவல் காக்கப் போகையில், குளிருக்கு நீங்கள் அனுப்பிய சிவப்புப் போர்வையைப் போர்த்தியிருந்தேன். காற்று திசை மாறி என் வாசனை எட்டியதும் கிழட்டுப் பெண்யானை ஒன்று தும்பிக்கையைத் தூக்கியது.

"டேய், அத வீசிட்டு ஓடுடா! செவப்புப் போர்வையோட வந்து உங்க மாசாய் ஆளுங்க குத்துன ஈட்டிய அது மறக்கல!" என்று கத்தினான், என்னோடு வேலை பார்க்கும் முட்டுவா.

வீசினேன். யானை என்னை விட்டுவிட்டுப் போர்வையை மிதித்து மண்ணோடு தேய்த்தது. இன்று முகாம் வேலியோரம் மோப்பம் பிடித்தபடி நிற்கிறது. எழுத்து கோணினால், மேசை ஆடுகிறதென்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தபால் வண்டி கிளம்புகிறது. சாம்பல் நிறப் போர்வை ஒன்று அனுப்புங்கள். சோப்புப் போட்டு நன்றாக அலசிவிடுங்கள், அம்மா. பாலும் புகையும் கலந்த நம் வீட்டு வாசனை அதில் துளியும் இருக்கக் கூடாது.

உங்கள் மகன்,
பர்முவாட்