ஜாவா பழக்கத்தால் தவறிய பரீட்சை

பெங்களூர், 12.9.2006

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இருமல் நின்றதா? நம் மகள் சிஃபா, மாமியைப் படுத்தாமல் சாப்பிடுகிறாளா?

கம்ப்யூட்டர் பயிற்சியில் போன வாரப் பரீட்சையில் தவறிவிட்டேன், பயப்படாதீர்கள். என்னைக் கவிழ்த்த கேள்வியில் வந்த 'ஸ்டாட்டிக்' என்பது உங்கள் கம்பெனி வாசலில் விபத்தில்லாத நாட்களை எழுதும் பலகை மாதிரி, எல்லாருக்கும் ஒன்றுதான். ஜாவாவில் அதை எந்தத் தொழிலாளி மூலமும் கேட்கலாம். இங்கே கற்றுத்தரும் சி ஷார்ப் மொழியில் கம்பெனி பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். நான் காலேஜ் ஜாவா பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

"இன்னாடி, இன்னும் உன் ஊட்டுக்காரரையே கேட்டுக்கினு கீற?" என்று இந்த உதாரணத்தைக் கேட்டு என் அறைத்தோழி பொதட்டூர்பேட்டை பூமிகா சிரித்தாள்.

இன்று மறுபரீட்சையில் தேறிவிட்டேன். தேறியவர்களுக்கு ஜனவரியில் சென்னையில் வேலை. நம் வீட்டில் இருந்துகொண்டு கும்மிடிப்பூண்டியிலிருந்தே ரயிலில் போய்வரலாம்.

சிஃபாவின் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்புங்கள், செருப்பு வாங்க வேண்டும். நிற்கவைத்து வரையுங்கள். எவ்வளவு வளர்ந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. விடுதியில் விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள்.

அஃப்ஸானா