கிராணி வீட்டு அடுப்பில் இரண்டு பானை

நவம்பர் 3, 1926. புதன்.

விடியலிலிருந்து மழை. ஈப்போ முதல் செமோர் வரை செம்மண் குழம்பு; கார் இரண்டு முறை சிக்கியது.

செமோருக்கு அப்பால் ரப்பர் தோட்டத்துத் தலைமைக் கணக்கர், பெரிய கிராணி வேலாயுதம். வயது நாற்பது இருக்கும். சில வாரங்களாகச் சாய்வு நாற்காலியில்தான் தூக்கம். படுத்தால் மூச்சு அடைக்கிறது. கால் வீக்கம், அழுத்தினால் குழி. இதயத் துடிப்பு மார்புக்காம்பைத் தாண்டி அக்குள் பக்கம் போய்விட்டது. இடக் கீழறை விரிந்து தளர்ந்திருக்கிறது. காதுக்குழாயில் மூன்று ஓசை, குதிரை ஓடுவது போல. நுரையீரல் அடியில் நீர்.

ஏன்? வால்வில் இரைச்சல் இல்லை. சிறுநீர் சுத்தம். மூட்டுக் காய்ச்சல் வந்ததில்லை. மனைவி தங்கம்மாவை வெளியே அனுப்பிவிட்டு மேகநோய் பற்றிக் கேட்டேன். கோபம்.

"என்னைப் பாத்தா அப்படியா தெரியுது, டாக்டரம்மா?"

எல்லோரையும் கேட்பேன் என்றேன். கள்ளும் இல்லையாம்.

இதயத்துக்கு டிஜிட்டலிஸ் இலைத்தூள். உப்பு கூடாது. ஓய்வு. லேசான சாப்பாடு.

நவ. 6, சனி.

குடைக்கம்பி மாற்ற வேண்டும். சோப்பு. மண்ணெண்ணெய்.

வேலாயுதம் மோசம். இலை ஒன்றும் செய்யவில்லை. வாந்தி வேறு, அளவைக் கூட்டினால் மருந்தே கொன்றுவிடும்.

"மறைக்காம சொல்லுங்க. பொழைப்பேனா?"

தெரியாது என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

நவ. 7, ஞாயிறு.

மறுபடியும் தோட்டம். கை கழுவச் சமையலறைப் பக்கம் போனேன். அடுப்பில் இரண்டு சோற்றுப் பானை. ஒன்றில் மல்லிகை வெள்ளை, மற்றதில் பழுப்பு. ஏன் என்று கேட்டேன்.

"வெள்ளை அவருக்கும்மா. சீனன் கடைச் சயாம் அரிசி. பெரிய கிராணி ஆனதிலேருந்து கூலி லயத்து அரிசி தொண்டையில எறங்கலையாம்." தங்கம்மாவுக்குச் சிரிப்பு. "நான் கூலிக்காரன் மவதானே, எனக்குப் புழுங்கல்தான்."

"வேறென்ன சாப்பிடுகிறார்?"

"நீங்கதான லேசா குடுக்கச் சொன்னீங்க. வெள்ளைச் சோறும் ரசமும்தான்."

திரும்பிப் போய் அவர் முழங்காலைத் தட்டினேன். கால் அசையவில்லை. கெண்டைக்காலைப் பிடித்தேன், அலறினார்.

பெரிபெரி. தவிடு போகத் தீட்டிய வெள்ளை அரிசியையே தின்பவர்களுக்கு வரும் நோய். லகாட் ஈயச் சுரங்கங்களில் சீனக் கூலிகளிடம் எத்தனை பார்த்திருக்கிறேன்! தமிழருக்கு வராது என்று இங்கே டாக்டர்கள் எல்லோரும் சொல்கிறோம். வராமல் காத்தது புழுங்கல் அரிசி, பிறப்பு அல்ல. அது தெரிந்தும் முதல் நாளே முழங்காலைத் தட்டாமல் விட்டேன். தமிழர் என்பதால்.

இலையை நிறுத்தினேன். தவிடு, பச்சைப்பயறு, புழுங்கல் கஞ்சி.

"லயத்து அரிசியா? அதுலேருந்து வெளிய வரத்தானே இத்தன வருசம் ஒழைச்சேன்? ஆளுங்க பாத்தா சிரிப்பானுங்க லா."

தங்கம்மா கதவருகிலிருந்து: "அப்ப வாக்கரிசி எந்த அரிசியில போடட்டும்? அதையும் இப்பவே சொல்லிருங்க."

சாப்பிடுவாரா, தெரியாது.

நவ. 9, செவ்வாய்.

மழை. தோட்டத்திலிருந்து செய்தி இல்லை. சாலையில் வெள்ளம், போக முடியவில்லை.

என் கணிப்பும் ஊகம்தான். இதயத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. விரலும் காதும் சொல்வதை நம்புகிறோம், பிறகு நம் முன்முடிவுகளை அவற்றின் மேல் ஏற்றுகிறோம். இலையை நிறுத்தியது தவறானால்?

என் வீட்டு அரிசி டின்னைத் திறந்து பார்த்தேன். வெள்ளை. மீனும் முட்டையும்தான் என்னைக் காப்பாற்றுகின்றன போலும்.

நவ. 11, வியாழன்.

வெயில். மருந்தகம் திறக்குமுன்பே வாசலில் தங்கம்மா. முகம் வீங்கியிருந்தது, அழுத முகம்.

"விடிஞ்சு பாக்குறேன், மனுசன் கட்டில்ல மல்லாந்து கெடக்காரு. நாக்காலி காலி. போயிட்டாருன்னு கத்திட்டேம்மா. லயமே ஓடியாந்திருச்சு."

"பிறகு?"

"முழிச்சுக்கிட்டு ஏசுறாரு, 'நல்லாத் தூங்குனவனை ஏண்டி எழுப்புனே?'ன்னு. மூணு நாளாக் கதவைச் சாத்திக்கிட்டுக் கஞ்சி குடிச்சவரு. அத்தனை பேரும் நிக்கிறாங்க, அவங்க முன்னாலயே கேட்டாரும்மா: 'கஞ்சி இருக்கா?'"