அப்பாவின் நீர் மாத்திரை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் நினைப்பு, இங்கே நாங்களும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனை எடுத்ததும் அப்பா உன்னிடம் நீட்டிவிடுகிறார், என் மேல் அவருக்கு என்ன கோபம் என்று கேட்டாயே, கோபமெல்லாம் இல்லை கண்ணு, அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. ராத்திரி பகலாக உள்ளே ஒரே இரைச்சலாம். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுகிற மனிதரை இந்தக் கதிக்கு ஆளாக்கியது நான்தான்.

டயாலிசிஸ் ஆரம்பித்தபோதே டாக்டர் நீர் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். மிச்சமிருந்த அட்டைகளைத் தூக்கிப்போட மனசில்லாமல் சமையலறை டப்பாவில் வைத்திருந்தேன், என் புத்தி உனக்குத் தெரியாததா. போன மாதம் கால் வீங்கி அவருக்குச் செருப்பே நுழையவில்லை. முன்பெல்லாம் ஒன்று போட்டால் மளமளவென்று நீர் பிரியுமே என்று கொடுத்தேன், ஒரு சொட்டு இல்லை. இரண்டாகக் கொடுத்தேன், பிறகு மூன்றாக. அவரும் நான் நீட்டியதை ஏன் எதற்கு என்று கேட்காமல் விழுங்கினார். அந்த மருந்து சிறுநீரகத்துக்குள் போய்த்தான் வேலை செய்யுமாம், பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வெளியேறுமாம். அவருக்கு அந்த வழியே அடைத்துப் போய்விட்டது. கல்லீரல் தன்னால் முடிந்ததை மெதுவாகக் கழிக்குமாம், டயாலிசிஸ் மெஷினும் அதை அவ்வளவாக எடுக்காதாம். நானோ முந்தினது போகும் முன்னே அடுத்ததைக் கொடுத்திருக்கிறேன், ரத்தத்தில் தங்கியது காதைப் பதம் பார்த்துவிட்டது. பலருக்குத் திரும்பிவிடும், பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

யார் கொடுத்தது என்று டாக்டர் சத்தமாகக் கேட்டபோது அப்பா என் பக்கம் திரும்பாமலே, நானேதான் எடுத்துப் போட்டுக்கிட்டேன் டாக்டர் என்றார். நான் வாயே திறக்கவில்லை. எனக்கு விழ வேண்டிய திட்டையெல்லாம் அவர் பாதி கேட்டும் கேட்காமலும் தலையாட்டி வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என்னை மன்னிச்சிடுங்க என்றேன். என்ன சொன்ன, சத்தமா சொல்லு என்றார். சாப்பிட வாங்க என்று கத்தினேன்.

அடுத்த முறை டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அதற்குத்தான் முதலில் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன். இனி வீடியோவில் கூப்பிடு, உன் முகத்தையாவது பார்க்கட்டும். வீட்டில் பழைய மாத்திரை கிடந்தால் இன்றைக்கே தூக்கிப்போடு. இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள்.

இன்னும் சத்தமாகச் சொல்லாத
உன் அம்மா