உனக்கும் ஒரு மருந்துச் சீட்டு

அன்புள்ள டெம்வா,

நீயும் அம்மாவும் சுகந்தானே? ஜோகன்னஸ்பர்கில் நான் நலமே. ஈறு வீங்கி கிளினிக் போனேன். நர்ஸம்மா எல்லாவற்றையும் சோதித்து, வீட்டுக் கதையையும் கேட்டுவிட்டு, "நாலு வருஷமா பிள்ளை இல்லன்னு பொண்டாட்டியவா குத்தம் சொன்னீங்க? உங்களுக்கே கீழே தொத்து இருக்குய்யா. வலியில்லாமலே பிள்ளையத் தடுக்கும். மாத்திரையில சரியாயிடும். ரெண்டு பேரும் சாப்பிடணும்" என்றாள்.

இங்கே வந்த புதிதில் நான் செய்த தப்பு, டெம்வா. மன்னித்துவிடு.

உன் மருந்துச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். நம்மூர் ஆஸ்பத்திரியில் காட்டு. டிசம்பரில் வருகிறேன். இந்தக் கடிதம் கொண்டுவரும் லாரிக்காரரிடம் கொஞ்சம் உசிப்பாக் கருவாடு கொடுத்தனுப்பு; தனியே உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை.

பிள்ளை வேண்டி அம்மா உனக்கு மாதாமாதம் காய்ச்சும் வேர்க் கஷாயத்தை இனி எனக்கு அனுப்பச் சொல். குடிக்க வேண்டியவன் நான்தான்.

லாரி கிளம்புகிறது.

உன் லுஸுங்கு